பிளஸ் டூவிலேயே என்டிஏவா, டிகிரி முடித்து ஓடிஏவா? ராணுவ அதிகாரி ஆகும் வழிகளில் எது யாருக்கு

ராணுவத்தில் அதிகாரியாகச் சேர வேண்டும் என்று ஒரு மாணவர் சொன்னால், அவருக்கு உடனே கிடைக்கும் யோசனை "என்டிஏ எழுது" என்பதுதான், அதாவது பிளஸ் டூவோடு சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்றால், "அப்ப விட்டுடு, வயசு போச்சு" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே அரைகுறைத் தகவல். இந்திய ராணுவத்தில் அதிகாரியாக நுழையும் வழிகள் பதினாறரை வயதில் தொடங்கி, இன்ஜினியர்களுக்கும் சட்டம் படித்தவர்களுக்கும் 27 வயது வரை நீள்கின்றன.

எந்த வழியில் போனாலும் பயிற்சி முடிந்த அன்று தரைப்படையில் தோளில் ஏறுவது லெப்டினன்ட்டுக்கு உரிய அதே இரண்டு நட்சத்திரங்கள்தான். சம்பளமும் ஒன்றுதான்: லெவல் 10, அடிப்படை 56,100 ரூபாய், ராணுவ சேவை ஊதியம் 15,500, அதற்கு மேல் படிகள். இரண்டு வருஷத்தில் கேப்டன், ஆறில் மேஜர், பதின்மூன்றில் லெப்டினன்ட் கர்னல் என்ற கணக்கும் பொதுவானது. அப்படியென்றால் வழிகளை எதை வைத்து ஒப்பிடுவது? எந்த வயதில் முடிவெடுக்கிறீர்கள், எத்தனை வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள், கிடைக்காமல் போனால் கையில் என்ன மிஞ்சும். நான் இந்த மூன்றையும்தான் பார்ப்பேன். எந்தப் பரீட்சை சுலபம் என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான்.

எல்லோரும் தாண்ட வேண்டிய ஐந்து நாள்

வழிகளைப் பிரிப்பதற்கு முன் எஸ்எஸ்பியைப் பற்றி, அதாவது படைகளின் தேர்வு வாரியம் நடத்தும் நேர்முகத் தேர்வைப் பற்றி, சொல்லியாக வேண்டும். என்டிஏ, பட்டதாரிகளுக்கான சிடிஎஸ், என்சிசி சிறப்பு நுழைவு, இன்ஜினியர்களுக்கான நுழைவு என்று எதில் வந்தாலும் கடைசியில் இந்த ஐந்து நாள் தேர்வில்தான் வந்து நிற்பீர்கள். முதல் நாள் அறிவுத்திறன் சோதனை, ஒரு மங்கலான படத்தைப் பார்த்துக் கதை எழுதிக் குழுவில் விவாதிப்பது. இதிலேயே பெரும்பாலோர் அன்று மதியமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். மிஞ்சியவர்களுக்கு உளவியல் சோதனைகள்: ஒரு வார்த்தைக்கு 15 விநாடி வீதம் 60 வார்த்தைகளுக்கு வாக்கியம் எழுதுவது, அரை மணி நேரத்தில் 60 சூழ்நிலைகளில் என்ன செய்வீர்கள் என்று எழுதுவது. பிறகு மைதானத்தில் கட்டை, கயிறு, டிரம் வைத்துக் குழுவாகச் செய்யும் வேலைகள், தனி நேர்காணல், ஐந்தாம் நாள் தேர்வாளர்கள் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் கான்ஃபரன்ஸ்.

என்டிஏவில் எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், எஸ்எஸ்பிக்கும் 900. சிடிஎஸ் வழியாக டேராடூன் ராணுவ அகாடமியான ஐஎம்ஏவுக்குப் போகிறவருக்கு 300, 300. சென்னையின் அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓடிஏவுக்கு 200, 200. ஆக, பாதி மதிப்பெண் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எழுத்துத் தேர்வில் மூன்று நான்கு தடவை பாஸ் செய்து ஒவ்வொரு முறையும் எஸ்எஸ்பியில் திரும்பி வருகிறவர்கள் நிறைய உண்டு. ஆகவே ஒரு வழியை எடைபோடும்போது, அது எத்தனை எஸ்எஸ்பி வாய்ப்புகளைத் தருகிறது, எந்த வயதில் தருகிறது என்பதைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். பதினேழு வயதில் நேர்காணல் அதிகாரி முன்னால் தன்னைப் பற்றிச் சொல்ல வார்த்தை வராமல் தவித்த அதே ஆள், மூன்று வருஷம் கல்லூரி, விடுதி, என்சிசி கேம்ப் எல்லாம் பார்த்துவிட்டு வேறு ஆளாக வந்து உட்காருவதுண்டு.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு விஷயம். என்டிஏ, சிடிஎஸ் வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். எஸ்எஸ்பியிலும் பேச்சு அந்த இரண்டில்தான். ஆனால் அங்கே எதிர்பார்ப்பது மேடைப் பேச்சு ஆங்கிலம் கிடையாது. நினைத்ததைத் தடுமாறாமல் எளிய ஆங்கிலத்தில் சொன்னால் போதும். அதற்கு ஆறு மாதம் தினமும் பேசிப் பழக வேண்டும், குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

என்டிஏ: சீக்கிரம் நுழைகிறவர்களுக்கு

புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் மூன்று வருஷம், பிறகு தரைப்படைக்கு டேராடூன், கடற்படைக்கு எழிமலை, விமானப்படைக்கு துண்டிகல் என்று இன்னொரு வருஷம். நான்காவது வருஷ முடிவில் 21, 22 வயதில் அதிகாரி. மூன்று வருஷப் படிப்புக்கு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் அரசு செலவு. வீட்டிலிருந்து கைச்செலவுப் பணமும் சேரும்போது கட்டும் சில ஆரம்பத் தொகைகளும்தான். மகனையோ மகளையோ நல்ல கல்லூரிக்கு அனுப்பப் பணம் புரட்ட வேண்டிய குடும்பத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

யுபிஎஸ்சி வருஷத்துக்கு இரண்டு முறை, பொதுவாக ஏப்ரலிலும் செப்டம்பரிலும் தேர்வு நடத்துகிறது. கட்டணம் 100 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் பெண்களுக்கும் அதுவும் இல்லை. வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை. அண்மை ஆண்டுகளில் ஒரு முறைக்கு அகாடமியில் 370 இடங்கள்: தரைப்படைக்கு 208, கடற்படைக்கு 42, விமானப்படைக்கு 120. எழிமலை கடற்படை அகாடமிக்கு நேராகப் போகும் சில இடங்கள் தனி.

தரைப்படைப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு சொல்கிறது. உண்மைதான். ஆனால் எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணிதத்துக்கு, அதுவும் பெரும்பாலும் பிளஸ் ஒன், பிளஸ் டூ அளவிலான கணிதம். காமர்ஸ் குரூப்பிலோ கணிதம் இல்லாத உயிரியல் குரூப்பிலோ படித்தவர் தகுதியோடு உள்ளே வந்து, இரண்டரை மணி நேரம் கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அப்படிப்பட்டவர்கள் இந்தக் கதவை முட்டிக்கொண்டிருப்பதைவிட, கீழே சொல்லும் பட்டதாரி வழிகளைக் குறிவைப்பது மேல். கடற்படை, விமானப்படை வேண்டுமென்றால் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் பிளஸ் டூவில் இருந்தே ஆக வேண்டும்.

கட்ஆஃபைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கடந்த சில ஆண்டுகளில் எழுத்துத் தேர்வு கட்ஆஃப் 900க்கு 290 முதல் 360 வரைக்குள்தான் இருந்திருக்கிறது. "மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் போதுமா?" என்று கேட்கத் தோன்றும். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிப்பார்கள், பொது அறிவுத் தாளின் பரப்பும் அகலம் என்பதால்தான் அந்த எண் அவ்வளவு கீழே நிற்கிறது.

இப்போது நாட்காட்டி. இதைக் கவனிக்காமல் ஒரு வருஷத்தை வீணடிக்கிறவர்கள் அதிகம். செப்டம்பரில் எழுதும் தேர்வுக்கான பயிற்சி அடுத்த ஜூலையில் தொடங்குகிறது. அதாவது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே, காலாண்டுத் தேர்வு சமயத்தில் எழுதினால், பள்ளி முடித்த கையோடு அகாடமிக்குப் போகலாம். ஏப்ரலில் எழுதும் தேர்வுக்கான பயிற்சி அடுத்த ஜனவரியில் தொடங்கும். இடையில் எட்டு ஒன்பது மாதம். அந்த இடைவெளியில் "ரிசல்ட் வரட்டும்" என்று வீட்டில் இருக்காமல் கல்லூரியில் சேர்ந்துவிட வேண்டும். கிடைத்தால் டிசம்பரில் விட்டுவிட்டுப் போகலாம், கிடைக்காவிட்டால் பட்டப்படிப்பு ஓடிக்கொண்டிருக்கும். என்டிஏவுக்காக ஒரு வருஷம் டிராப் எடுத்துக் கோச்சிங் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டிராப் எடுத்த வருஷம் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணைக் கூட்டலாம். ஆனால் அறைக்குள் உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்த அந்த வருஷம், எஸ்எஸ்பி பார்க்கும் குணங்களில் எதையும் பெரிதாக வளர்ப்பதில்லை.

என்டிஏவின் நிஜமான பலம் இரண்டு. முதலாவது, இளம் வயதிலேயே நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை அதிகாரியாக இருக்கும் நியமனம். 54 வயதில் ஓய்வு பெறும் கர்னலைக் கணக்கில் வைத்துப் பார்த்தால், முன்பே நுழைந்தவருக்கு மேலே ஏற அதிக காலம் இருக்கிறது. 2000 முதல் 2002 வரை தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் சுந்தரராஜன் பத்மநாபன் இந்த வழியில் வந்தவர். இரண்டாவது, முப்படைக்கும் சேர்ந்து மூன்று வருஷம் ஒரே இடத்தில் வளர்ந்த நட்பு. அது பதவிக்காலம் முழுக்கக் கூட வரும்.

பலவீனம், பதினேழு வயதில் வாழ்க்கை முழுமைக்குமான முடிவு. பயிற்சியின் நடுவில் பிடிக்கவில்லை என்று தானாக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும், பெற்றோர் அதற்கு முன்கூட்டியே கையெழுத்துப் போடுகிறார்கள். பட்டமும் முடிந்திருக்காது. ஊரில் எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள் என்பதற்காக அனுப்பப்படும் பிள்ளைகள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜேஇஇ எழுதியவர்களுக்கு இரண்டு வழி

யுபிஎஸ்சி எழுத்துத் தேர்வே இல்லாமல் பிளஸ் டூவோடு நுழைய இரண்டு வழிகள் உண்டு. தமிழ்நாட்டில் இவை அதிகம் பேசப்படுவதில்லை, ஏனென்றால் இங்கே பலர் ஜேஇஇ மெயின் எழுதுவதே இல்லை. தரைப்படையின் தொழில்நுட்ப நுழைவான டிஇஎஸ்ஸுக்கு இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 சதவீதமும், ஜேஇஇ மெயின் எழுதியிருப்பதும் வேண்டும். சுமார் 90 இடங்கள், நான்கு வருஷப் பயிற்சி, இன்ஜினியரிங் பட்டம், நிரந்தர கமிஷன். கடற்படையின் பிடெக் கேடட் நுழைவுக்கு அதே மூன்று பாடங்களில் 70 சதவீதம். ஜேஇஇ தரவரிசையை வைத்து நேராக எஸ்எஸ்பிக்கு அழைப்பார்கள். எழிமலையில் நான்கு வருஷம் பிடெக்.

அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்கு ஜேஇஇ தேவையில்லை என்பதால் அதை எழுதாமல் விடுகிறவர், இன்ஜினியரிங்கும் ராணுவமும் இரண்டுமே மனதில் இருந்தால், அந்த ஒரு தேர்வை மட்டும் எழுதிவைக்கலாம். என்டிஏ கணிதத்துக்குப் படித்ததே பாதி உதவும். மருத்துவம்தான் வேண்டும் என்பவருக்கு நீட் வழியாகப் புனேயின் ராணுவ மருத்துவக் கல்லூரியான ஏஎஃப்எம்சி இருக்கிறது. அது வேறு உலகம், இங்கே விரிக்கவில்லை.

பட்டதாரிகள்: ஐஎம்ஏவா, ஓடிஏவா

சிடிஎஸ் என்பது பட்டதாரிகளுக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கும் யுபிஎஸ்சி நடத்தும் தேர்வு. இதுவும் வருஷத்துக்கு இரண்டு முறை. ஆங்கிலம், பொது அறிவு, கணிதம், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். கணிதம் பத்தாம் வகுப்பு அளவு. ஓடிஏவுக்கு மட்டும் போகிறவர் கணிதத் தாளை எழுதவே வேண்டாம். பி.ஏ. வரலாறு படித்தவருக்கும் பி.காம். படித்தவருக்கும் இதைவிடத் தோதான எழுத்துத் தேர்வு ராணுவத்தில் இல்லை.

ஒரே விண்ணப்பத்தில் நான்கு அகாடமிகளுக்கு விருப்ப வரிசை கொடுக்கலாம். எழிமலைக்கு இன்ஜினியரிங் பட்டம் தேவை. துண்டிகலுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் படித்த பட்டதாரியாகவோ இன்ஜினியராகவோ இருக்க வேண்டும். மீதி இரண்டுக்கும் எந்தப் பட்டமும் போதும். அந்த இரண்டுக்கு நடுவில்தான் பெரும்பாலானோர் குழம்புகிறார்கள்.

டேராடூன் ஐஎம்ஏவில் ஒரு முறைக்கு 100 இடங்கள், ஒன்றரை வருஷப் பயிற்சி, நிரந்தர கமிஷன், வயது வரம்பு 24. சென்னை பரங்கிமலையில் இருக்கும் ஓடிஏவில் ஆண்களுக்கு 200க்கும் மேல் இடங்கள், 49 வாரப் பயிற்சி, குறுகிய கால கமிஷன், வயது வரம்பு 25. இரண்டிலும் பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. (பரங்கிமலை என்றதும் வீட்டுக்குப் பக்கம் என்று அம்மாக்கள் சந்தோஷப்படுவதுண்டு. அகாடமிச் சுவருக்குள் போய்விட்டால் சென்னையும் டேராடூனும் ஒன்றுதான்.)

குறுகிய கால கமிஷன் என்பது முதலில் பத்து வருஷம், விரும்பினால் இன்னும் நான்கு வருஷம் நீட்டிக்கலாம். பத்தாவது வருஷத்தில் நிரந்தர கமிஷனுக்கு விண்ணப்பிக்கவும் செய்யலாம். இடமும் உங்கள் பதிவேடும் பொறுத்துக் கிடைக்கும். கிடைக்காமலோ கேட்காமலோ வெளியே வந்தால் பென்ஷன் இல்லை. அதிகாரிகளுக்குப் பென்ஷன் வர 20 வருஷ சேவை வேண்டும். நம் வீடுகளில் ஓடிஏ என்றால் முகம் சுருங்குவதற்குக் காரணம் இதுதான்: "கவர்மென்ட் வேலைன்னு சொல்லிட்டு பத்து வருஷத்துல அனுப்பிடுவாங்களாமே?"

எனக்கு இந்த முகச்சுளிப்பில் உடன்பாடில்லை. முதலில், வேலையில் வித்தியாசம் கிடையாது. ஓடிஏவில் இருந்து வந்தவர் காலாட்படைக்கும் போகிறார், எல்லைக்கும் போகிறார். 2014இல் காஷ்மீரின் ஷோபியானில் உயிர்நீத்து அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் சென்னை ஓடிஏவில் பயிற்சி பெற்றவர், பி.காம். பட்டதாரி. இரண்டாவது, 23 வயதில் நுழைந்து 34 வயதில் வெளியே வருகிறவர் கையில் ஒரு பட்டம், சென்னைப் பல்கலைக்கழகம் ஓடிஏ பயிற்சிக்கு வழங்கும் முதுநிலை டிப்ளமோ, நூறு பேரை வைத்து வேலை வாங்கிய அனுபவம், பத்து வருஷச் சேமிப்பு எல்லாம் இருக்கும். ஐந்து வருஷமாவது சேவை செய்த குறுகிய கால அதிகாரிக்கு யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வில் ஐந்து வருஷ வயதுத் தளர்வும் உண்டு. மேலாண்மைப் படிப்பு, தனியார் நிறுவனங்களின் நிர்வாகப் பொறுப்பு என்று போகிறவர்களும் நிறைய.

அதே சமயம், 34 வயதில் புதிதாகத் தொடங்குவது எல்லோருக்கும் சரிப்படாது. அப்போது குழந்தைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும், வீட்டுக்கடன் இருக்கும். குடும்பத்தின் ஒரே வருமானம் நீங்கள்தான், நிலையான வேலையும் பென்ஷனும்தான் முதல் தேவை என்றால், ஐஎம்ஏவை முதல் விருப்பமாக வைத்து அதற்கான கணிதத்தைப் படியுங்கள். ராணுவ வாழ்க்கை நமக்கு ஒத்துவருமா என்று உள்ளே போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்ற எண்ணம் உள்ளவருக்கு ஓடிஏவின் பத்து வருஷம் ஒரு வசதி. இரண்டுக்கும் நடுவில் தீர்மானிக்க முடியாவிட்டால் மூன்று தாளையும் எழுதிவிடுங்கள், மெரிட் லிஸ்ட் முடிவு செய்துகொள்ளட்டும்.

என்சிசி என்ற சத்தமில்லாத கதவு

என்னைக் கேட்டால், கலை, அறிவியல், வணிகவியல் படிக்கும் மாணவருக்கு இதுதான் முதல் யோசனையாக இருக்க வேண்டும். கல்லூரியில் என்சிசி 'சி' சர்டிபிகேட், அதில் குறைந்தது பி கிரேடு, பட்டப்படிப்பில் 50 சதவீதம். இவை இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல், விண்ணப்பங்களைப் பரிசீலித்துத் தேர்ந்தவர்களை நேராக எஸ்எஸ்பிக்கு அழைக்கிறார்கள். வயது 19 முதல் 25. பயிற்சி அதே சென்னை ஓடிஏவில்.

பலரும் தவறவிடும் இடம், சேரும் நேரம். 'சி' சர்டிபிகேட் வரை போகக் கல்லூரியின் மூன்று வருஷமும் தேவைப்படும். முதல் வருஷம் ஜூலை, ஆகஸ்டில் என்சிசி ஆள் எடுக்கும்போது "படிப்பு கெட்டுடும்" என்று ஒதுங்கிவிட்டு, மூன்றாம் வருஷத்தில் ராணுவ ஆசை வந்து விசாரித்தால் காலம் கடந்திருக்கும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அங்கே என்சிசி யூனிட் இருக்கிறதா என்று கேளுங்கள். சில கல்லூரிகளில் பெயருக்குத்தான் இருக்கும், அதையும் சீனியர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். கேம்ப், அணிவகுப்பு, மலையேற்றம் என்று போய்வரும் மூன்று வருஷம் எஸ்எஸ்பிக்கு எந்தக் கோச்சிங் சென்டராலும் தர முடியாத பயிற்சி. ராணுவமே வேண்டாம் என்று பிறகு மனம் மாறினாலும் நஷ்டம் எதுவும் இல்லை.

இன்ஜினியர்களும் வக்கீல்களும்

இன்ஜினியரிங் படித்தவருக்கு வயது வரம்பு 27 வரை. எழுத்துத் தேர்வு கிடையாது, பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்து எஸ்எஸ்பிக்கு அழைப்பு வரும். டிஜிசி என்பது டேராடூனில், நிரந்தர கமிஷன், ஆனால் ஒரு முறைக்குச் சுமார் 30 இடங்கள்தான். எஸ்எஸ்சி டெக் என்பது சென்னை ஓடிஏவில், குறுகிய கால கமிஷன், ஆண்களுக்கு 350ஐ ஒட்டிய இடங்கள். இரண்டுக்கும் விண்ணப்பிப்பதுதான் எல்லோரும் செய்வது, செய்ய வேண்டியதும். உங்கள் பிராஞ்சுக்கு எத்தனை இடம் என்பதை மட்டும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். சிவில், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் என்று தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். அரியர் வைத்துக்கொண்டு மதிப்பெண் சதவீதம் சரிந்தவர்களுக்கு இங்கே அழைப்பு வருவது கடினம். அவர்களுக்குச் சிடிஎஸ் எழுத்துத் தேர்வு ஒரு மாற்று, அதில் பட்டம் இருந்தால் போதும், சதவீதம் கேட்பதில்லை.

சட்டம் படித்து 55 சதவீதம் எடுத்தவருக்கு ராணுவ சட்டப் பிரிவான ஜேஏஜி, இப்போது கிளாட் முதுநிலைத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்கிறார்கள். வயது 21 முதல் 27.

விமானப்படை தனியாக ஏஎஃப்கேட் என்ற நுழைவுத் தேர்வை நடத்துகிறது. பறக்கும் பிரிவுக்கு 20 முதல் 24, தரைப் பணிகளுக்கு 26 வரை. பைலட் ஆக விரும்புகிறவர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: கம்ப்யூட்டர் வழியாக நடக்கும் பைலட் தேர்வு வாழ்நாளில் ஒரே முறை. அதில் தோற்றால், பிறகு எந்த வழியில் வந்தாலும் பறக்கும் பிரிவு கிடையாது. தூக்கம் கெட்டு, ரயிலில் நின்றுகொண்டு போய் அந்தச் சோதனையில் உட்காராதீர்கள்.

பெண்களுக்கு

படம் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. 1992இலிருந்து பெண்களைக் குறுகிய கால அதிகாரிகளாக எடுத்துவந்த தரைப்படை, அவர்களுக்கும் நிரந்தர கமிஷன் தர வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் வந்த இன்னொரு உத்தரவால் என்டிஏ தேர்வு பெண்களுக்குத் திறந்தது. 2022இல் உள்ளே போன முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் கடக்வாஸ்லாவில் அணிவகுத்து வெளியே வந்தார்கள். கடற்படையின் பிடெக் கேடட் நுழைவிலும் பெண்கள் சேரலாம்.

பட்டதாரிப் பெண்களுக்குச் சிடிஎஸ் வழியாகக் கிடைப்பது ஓடிஏ மட்டுமே, இடங்களும் ஒரு முறைக்கு 20ஐ ஒட்டித்தான். என்சிசி நுழைவு, எஸ்எஸ்சி டெக், ஜேஏஜி மூன்றிலும் பெண்களுக்கு இடம் உண்டு. விமானப்படையில் ஏஎஃப்கேட் பறக்கும் பிரிவு உள்பட எல்லாவற்றிலும். இடம் குறைவாக இருக்கும்போது ஒரே தேர்வை நம்பி உட்காருவது ஆபத்து. ஆகவே பெண்கள் என்சிசி நுழைவு, ஏஎஃப்கேட், சிடிஎஸ் மூன்றுக்கும் சேர்த்தே முயல்வதுதான் சரி. என்டிஏவுக்கான பிளஸ் டூ கணிதம் கைவசம் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது

மெடிக்கல். எஸ்எஸ்பியில் ரெக்கமெண்ட் ஆனவர்கள் ராணுவ மருத்துவமனையில் நிராகரிக்கப்படும்போது படும் வேதனையைத் தவிர்க்க முடியும். நிறக்குருடு, தட்டைப் பாதம், முட்டி இடிக்கும் கால், பார்வைக் குறைபாடு, பச்சை குத்தியிருப்பது இவற்றைப் பத்தாம் வகுப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம். பச்சை குத்துவது பொதுவாக முழங்கையின் உள்பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரைக்கும் புறங்கையிலும்தான் அனுமதி. கழுத்திலோ தோளிலோ குத்திவிட்டு வந்து நிற்காதீர்கள். மூக்குத் தண்டு வளைவு, வேரிகோசீல் (விதைப்பை நரம்பு வீக்கம்) போன்றவற்றுக்குச் சிகிச்சை செய்துகொண்டு மேல்முறையீட்டுப் பரிசோதனைக்குப் போக வழி உண்டு. பார்வை விதிகள் படைக்குப் படை, நுழைவுக்கு நுழைவு மாறும். பறக்கும் பிரிவுக்குத்தான் மிகக் கடுமை. கண்ணாடி போட்டவர் எல்லாம் தகுதியில்லாதவர் என்று நினைத்து விலகிவிட வேண்டாம்.

இன்னொன்று, பயிற்சியில் காயம். அகாடமிப் பயிற்சியில் எலும்பு முறிவோ பெரிய காயமோ ஏற்பட்டு உடல்தகுதி இல்லை என்று அனுப்பப்படும் கேடட்டுகளும் இருக்கிறார்கள். கமிஷன் ஆவதற்கு முன்பே வெளியேறுவதால் அவர்கள் முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியைப் பெறுவதில்லை. 2025இல் உச்ச நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது, அதன் பிறகு முன்னாள் படையினர் மருத்துவத் திட்டத்தில் அவர்களையும் சேர்த்தார்கள். அரிதாக நடப்பதுதான். ஆனால் ஓடிஏவுக்குப் போகிறவர் பட்டத்தோடு போகிறார், என்டிஏவுக்குப் போகிறவர் பிளஸ் டூவோடு போகிறார் என்ற வித்தியாசம் இங்கே வந்து உறைக்கும். வீட்டில் பேசும்போது இதையும் ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

25, 26 வயதில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் பி.ஏ., பி.எஸ்சி. பட்டதாரிக்கு என்ன? ஓடிஏவும் என்சிசி நுழைவும் கைவிட்டுப் போயிருக்கும். வேலையில் இருந்தபடியே பகுதிநேரமாக அதிகாரியாகும் டெரிட்டோரியல் ஆர்மி இருக்கிறது. பட்டமும் சொந்த வருமானமும் வேண்டும், வயது 18 முதல் 42. ஏற்கெனவே ஜவானாகச் சேர்ந்துவிட்டவருக்கு டேராடூனில் ஆர்மி கேடட் காலேஜ். பிளஸ் டூ முடித்து, குறைந்தது இரண்டு வருஷம் சேவையில் இருந்தவர்கள் 27 வயதுக்குள் இதற்கு விண்ணப்பிக்கலாம். மூன்று வருஷப் பட்டப்படிப்பு, பிறகு பக்கத்திலேயே ஐஎம்ஏவில் ஒரு வருஷம், கடைசியில் நிரந்தர கமிஷன். யூனிட்டில் இருக்கும்போது இதைப் பற்றி யாரும் தானாக வந்து சொல்வார்கள் என்று காத்திருக்காமல், அலுவலக கிளார்க்கிடம் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று வருஷா வருஷம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.